பெர்கனில் நான்கு நாள்: மழையையும் சேர்த்துத் திட்டமிடுவது

சென்னையில் வசிக்கும் ஒருவர், அறுபத்தைந்து வயதைக் கடந்த தம் பெற்றோருடன் ஜூன் மாத நடுவில் நார்வேயின் மேற்குக் கரையிலுள்ள பெர்கன் நகருக்குச் செல்ல எண்ணுகிறார். நான்கு நாள் போதுமா, மழை பயணத்தைக் கெடுத்துவிடுமா, மலைகளுக்கிடையே கடல் புகுந்த குடாக்களான ஃபியோர்டுகளின் சுற்றுப்பயணத்தை ஒரே நாளில் முடிக்கலாமா, சைவ உணவுக்கு என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். அந்த ஊரில் சில ஆண்டுகள் வசித்தவன் என்ற முறையில், இந்தக் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை விரிவாகவே பதில் சொல்கிறேன்.

நான்கு நாள் தாராளமாகப் போதும். ஆனால் அந்த நான்கு நாட்களையும் மணிக்கணக்கில் பிரித்து முன்கூட்டியே பூட்டிவிடாதீர்கள். தங்கும் இடத்தையும் ரயில் பயணத்தையும் மட்டும் முன்பதிவு செய்துவிட்டு, மற்றவற்றை முந்தைய நாள் இரவு வானிலையைப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள். என் பெற்றோர் வந்திருந்தபோது நான் இதற்கு நேர்மாறாகச் செய்தேன். இரண்டாம் நாள் காலை மலை, மூன்றாம் நாள் முழுவதும் வெளியூர் என்று எழுதி வைத்துக்கொண்டு அதன்படியே அழைத்துப் போனேன். மலையுச்சியில் நின்றபோது கைப்பிடிக் கம்பிக்கு அப்பால் வெண்மேகத்தைத் தவிர எதுவும் தெரியவில்லை. நகரத்தின் மேல் வானம் முழுவதுமாகத் திறந்த அடுத்த நாள் மாலையிலோ, நாங்கள் வெகுதூரத்தில் ஒரு பேருந்தில் உட்கார்ந்திருந்தோம். அவர்கள் இன்றுவரை அந்த மலையிலிருந்து ஊரைப் பார்க்கவில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

பெர்கனின் மழையைப் பற்றிச் சற்றுத் தெளிவாகச் சொல்ல வேண்டும். வட அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீரோட்டத்தின் மேலாக வரும் ஈரக்காற்று, ஊரைச் சுற்றி நிற்கும் மலைகளில் மோதி மேலெழுந்து குளிர்ந்து மழையாகிறது. ஆண்டுக்கு 2,200 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்கிறது. இது சென்னையின் ஆண்டு மழையைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. 2006 அக்டோபர் இறுதியில் தொடங்கி 2007 ஜனவரி வரை 85 நாள் தொடர்ந்து மழை பதிவானதும் உண்டு. ஆனால் நம் ஊர் ஐப்பசி மழையைப் போல அது ஒரே மூச்சில் கொட்டித் தெருவை மூழ்கடிப்பதில்லை. தூறும், நிற்கும், வெயில் அடிக்கும், மறுபடி தூறும். மே, ஜூன் மாதங்களில்தான் மழை குறைவு என்பதால் நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் காலம் நல்ல காலமே. குடையை நம்பாதீர்கள், துறைமுகக் காற்று அதை மடக்கிப்போடும். தலைமூடி வைத்த நல்ல மழைச்சட்டையும், நனைந்த கல்தரையில் வழுக்காத காலணியும் மூவருக்கும் இருக்கட்டும். ஜூன் மாதத்திலும் வெப்பம் பெரும்பாலும் 10 முதல் 18 டிகிரிக்குள்தான் இருக்கும். பெற்றோருக்குக் கம்பளிச் சட்டை கட்டாயம் தேவை. வானிலைக்கு நார்வே மக்கள் எல்லோரும் பார்ப்பது, அந்நாட்டு வானிலை ஆய்வு நிறுவனமும் அரசு ஒலிபரப்பு நிறுவனமும் சேர்ந்து நடத்தும் ‘யர்’ என்ற செயலி. ஒய், ஆர் என்ற இரண்டே எழுத்துகள். நார்வேஜிய மொழியில் அதற்குத் தூறல் என்றே பொருள். அதில் மணிவாரியாக வரும் கணிப்பைப் பார்த்து, மழை நிற்கும் மூன்று மணி நேரத்தை மலைக்கோ படகுக்கோ ஒதுக்குவதுதான் உள்ளூர்க்காரர்களின் வழக்கம்.

இன்னொரு எதிர்பார்ப்பையும் இங்கேயே சரிசெய்துவிடலாம். பெர்கன் வடதுருவ வட்டத்துக்குத் தெற்கே, ஏறத்தாழ 60 பாகை அட்சரேகையில் இருப்பதால் நள்ளிரவுச் சூரியனை அங்கே காண முடியாது. ஆனாலும் ஜூன் நடுவில் சூரியன் இரவு பதினொரு மணியளவில் மறைந்து விடிகாலை நான்கு மணியளவில் உதித்துவிடுகிறது. இடைப்பட்ட நேரத்திலும் முழு இருட்டு வருவதில்லை. இதனால் உங்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. பகலில் மழை பெய்தால் அறைக்குத் திரும்பி ஓய்வெடுத்துவிட்டு, இரவு உணவுக்குப் பிறகு எட்டு மணிக்கு வெளிச்சத்திலேயே மலையேறலாம். உறங்கும் நேரத்தில் கண்ணை மூட ஒரு துணிப்பட்டை எடுத்துப் போங்கள்.

இந்தியாவிலிருந்து பெர்கனுக்கு நேரடி விமானம் கிடையாது. ஆம்ஸ்டர்டாம், கோபன்ஹேகன், ஃபிராங்க்பர்ட், ஓஸ்லோ போன்ற ஊர்களில் மாறித்தான் வர வேண்டும். என் கருத்தில், ஓஸ்லோவில் இறங்கி அங்கிருந்து ரயிலில் பெர்கனுக்கு வருவது மிகச் சிறந்த வழி. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். பெர்கன் விமான நிலையத்தில் இறங்கினால், வாசலிலேயே பீபானன் என்னும் நகர டிராம் நிற்கும். சுமார் முக்கால் மணி நேரத்தில் நகரின் நடுவே கொண்டுபோய் விடுகிற அதற்கு, நகருக்குள் பயணம் செய்யும் அதே சாதாரணக் கட்டணம்தான். ஸ்கிஸ் என்ற செயலியிலோ நிறுத்தத்திலுள்ள இயந்திரத்திலோ ஏறும் முன்பே சீட்டு வாங்கிவிடுங்கள். வாசலில் யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் திடீரென்று பரிசோதகர் ஏறினால் அபராதம் கடுமையாக இருக்கும். 67 வயதைக் கடந்தவர்களுக்குப் பேருந்திலும் ரயிலிலும் கட்டணச் சலுகை உண்டு, அப்பாவுக்கோ அம்மாவுக்கோ அது பொருந்துமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கும் இடத்தைத் தேர்வு செய்யும்போது பலரும் விலையையும் படத்தையும் மட்டுமே பார்க்கிறார்கள். பெர்கன் மலைச்சரிவில் கட்டிய ஊர். பழைய பகுதிகளில் ஸ்மௌ என்று அழைக்கப்படும் கல் பாவிய குறுஞ்சந்துகள் படிப்படியாக ஏறிக்கொண்டே போகும். வாடகைக்குக் கிடைக்கும் வெள்ளை மரவீடுகள் பல, வண்டி போகாத அத்தகைய சந்துகளில்தான் இருக்கின்றன. முழங்கால் வலி உள்ளவர்கள் பெட்டியோடு நூறு படி ஏறுவது நடக்கிற காரியமல்ல. ஆகவே முகவரியை வரைபடத்தில் பார்த்து, தெருவில் படிகள் உண்டா, கட்டடத்தில் மின்தூக்கி உண்டா என்று வீட்டுக்காரரிடம் எழுதிக் கேட்டுவிடுங்கள். துறைமுகத்தை ஒட்டிய இடங்கள் விலை அதிகம். டிராம் தடத்தில் நாலைந்து நிறுத்தம் தள்ளி, சமையலறையுடன் கூடிய வீடு எடுப்பது உங்களுக்கு எல்லா வகையிலும் உகந்தது.

இனி ஊருக்குள் வருவோம். பெர்கனில் ஒரே ஓர் இடத்தைத்தான் பார்க்க முடியும் என்றால் பழைய துறைமுக வணிகப் பகுதியான பிரிகனைத்தான் நான் சொல்வேன். அதையும் முன்பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. துறைமுகத்தை நோக்கி நிற்கும் கூரிய கூரை கொண்ட வண்ண மரவீடுகளின் வரிசையைப் படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறவர்களே அதிகம். அந்த வீடுகளுக்கு இடையே பலகை பாவிய ஒடுங்கிய நடைகள் இருக்கின்றன, அவற்றின் வழியே உள்ளே போங்கள். இருபுறமும் மரச்சுவர், தலைக்கு மேலே ஒன்றையொன்று தொடுவதுபோல் நீட்டிக்கொண்டிருக்கும் மாடிகள், காலடியில் நனைந்த பலகை, காற்றில் பழைய மரத்தோடு கலந்த தார் எண்ணெய் வாடை. ஒரு நடையின் நடுவே நின்று இரு பக்கத்துச் சுவர்களையும் பார்த்தால், ஒன்று இடப்புறமும் மற்றொன்று வலப்புறமும் சாய்ந்திருப்பது தெரியும்.

ஏறத்தாழ 1360 முதல் வட ஜெர்மானிய நகரங்களின் ஹான்சா வணிகர் கூட்டமைப்பு இங்கே தன் அலுவலகத்தை நடத்தியது. அது 1754 வரை நீடித்தது. வணிகத்தின் உயிர்நாடி கருவாடுதான். வட நார்வேயின் மீனவர்கள் காட் மீனை உப்பே சேர்க்காமல் குளிர்காற்றில் மரச்சட்டங்களில் தொங்கவிட்டு, கட்டைபோல் இறுகும்வரை உலர்த்திப் படகில் கொண்டுவந்தார்கள். பதிலுக்கு, தங்கள் குளிர்நிலத்தில் போதிய அளவு விளையாத தானியத்தை வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். அந்த ஜெர்மானிய அலுவலகத்தின் சின்னத்தில் பாதிக் கழுகுக்குப் பக்கத்தில் மகுடம் சூட்டிய கருவாடு ஒன்று இருக்கிறது. நெத்திலியும் வஞ்சிரமும் காயும் கடற்கரையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, ஒரு நகரமே கருவாட்டின் மேல் எழுந்தது என்பது எளிதில் மனத்தில் பதியும். தீக்கு அஞ்சி இந்த மரவீடுகளுக்குள் அடுப்பு மூட்டத் தடை இருந்தது. வேலை பழக வந்த சிறுவர்களும் இளைஞர்களும் குளிர்காலத்தில் சூடான சோற்றுக்கும் கணப்புக்கும் பின்புறமிருந்த ஷோட்ஸ்டூவன் என்னும் பொதுக்கூடங்களுக்குத்தான் வர வேண்டும். அவற்றுள் சில இன்றும் காட்சிக்கு இருக்கின்றன, அவசியம் பாருங்கள். அருகிலுள்ள பழைய ஹான்சா அருங்காட்சியகம் 2018-இல் புதுப்பிப்புப் பணிக்காக மூடப்பட்டது, எனவே போகும் முன் நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவு கவனத்தையும் மீறி 1702-இல் பெருந்தீ எல்லாவற்றையும் அழித்தது. மக்கள் பழைய அமைப்பிலேயே மீண்டும் கட்டினார்கள். 1955-இல் மற்றொரு தீ ஒரு பகுதியைத் தின்றது. சாம்பலுக்குக் கீழே நடந்த அகழாய்வில் ரூன் என்னும் பழைய வட ஐரோப்பிய எழுத்துகள் கீறிய நூற்றுக்கணக்கான மரத்துண்டுகள் கிடைத்தன: சரக்கின் உரிமையாளர் பெயர், காதல் வரி, வீட்டுக்குக் கூப்பிடும் செய்தி என்று அன்றாட வாழ்க்கையே அவற்றில் இருக்கிறது. பிரிகன் அருங்காட்சியகம் அந்த அகழாய்வு இடத்திலேயே எழுந்தது. எஞ்சிய 62 கட்டடங்களை யுனெஸ்கோ 1979-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

மழையைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள் என்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். பிரிகனின் அடியில் பல நூற்றாண்டு மரத்தூண்களும் மரக்கழிவும் மீட்டர் கணக்கில் படிந்திருக்கின்றன. அவை ஈரத்தில் மூழ்கி, காற்றுப் படாமல் இருக்கும்வரை அழுகுவதில்லை. தீயில் அழிந்த பக்கத்து மனையில் புதிய கட்டடம் எழுந்தபின் அதன் வடிகால் நிலத்தடி நீரை இழுத்துவிட்டது. அடியிலிருந்த மரம் காற்றுப் பட்டு அழுக, மேலே வீடுகள் இறங்கத் தொடங்கின. மழைநீரைக் கூரையிலிருந்து நேரே கடலுக்கு விடாமல் நிலத்துக்குள் இறக்கும் பணிகளைப் பின்னர் செய்தபிறகுதான் நிலத்தடி நீர்மட்டம் மீண்டது. பெர்கனில் மழை பெய்யும் ஒரு காலையில் அந்தப் பலகை நடையில் நின்று, கூரைநீர் வாய்க்காலில் ஓடி மண்ணுக்குள் மறைவதைப் பெற்றோருக்குக் காட்டுங்கள். அந்த வீடுகளைத் தாங்கி நிற்பதே அந்த நீர்தான். ஆகவே பிரிகனுக்கு மழை நாளை ஒதுக்குவதே சரி, கூட்டமும் குறைந்திருக்கும்.

மழை நாளுக்கு உகந்த இன்னோர் இடம், ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள பழைய புனித யோர்கன் தொழுநோய் மருத்துவமனை. இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் அந்த மரக்கட்டடத்தில், நடுக்கூடத்தைச் சுற்றி நோயாளிகள் வாழ்ந்த சின்னஞ்சிறு அறைகள் அப்படியே இருக்கின்றன. கடைசி இரு நோயாளிகள் 1946-இல் காலமானார்கள். தொழுநோய்க் கிருமியை 1873-இல் கண்டறிந்த அர்மௌவர் ஹான்சன் பெர்கன் மருத்துவரே. பாவமென்றும் பரம்பரையென்றும் சொல்லி மனிதர்களை ஒதுக்கிவைத்த ஒரு நோய்க்கு இன்ன நுண்ணுயிர்தான் காரணம் என்று அவர் காட்டினார். செங்கல்பட்டில் மத்திய தொழுநோய் ஆராய்ச்சி நிறுவனம் இயங்கும் மாநிலத்திலிருந்து வருகிறவர்களுக்கு இந்த இடம் தொலைவானதாகத் தோன்றாது. சுற்றுலாப் பட்டியல்களில் இதைக் கடைசியில் போடுகிறார்கள். நான் முதல் மூன்றுக்குள் வைப்பேன். கோடையில் திறந்திருக்கும், நேரத்தை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வானம் தெளிந்த நேரத்தை ஃப்ளோயன் மலைக்குக் கொடுங்கள். 1918-இல் தொடங்கிய இழுவை ரயில் நகரின் நடுவிலிருந்து சில நிமிடங்களில் 320 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிவிடும். உல்லாசக் கப்பல்கள் துறைமுகத்தில் நிற்கும் நாட்களில் காலை ஒன்பது முதல் பிற்பகல் மூன்று வரை வரிசை நீளமாக இருக்கும். மாலை ஏழுக்கு மேல் போனால் கூட்டம் கரைந்திருக்கும். மேலே தரை மட்டமான நல்ல பாதையில் ஸ்கோமாகர்டீக்கெ என்ற சிறிய ஏரிவரை பெற்றோரும் நிதானமாக நடந்து வரலாம். இறங்கும்போது அவர்களை ரயிலில் அனுப்பிவிட்டு, நீங்கள் மட்டும் காட்டுப்பாதையில் முக்கால் மணி நேரத்தில் நடந்து வந்துவிடலாம். 643 மீட்டர் உயர உல்ரிக்கனுக்குக் கம்பிவட ஊர்தி போகிறது, பலத்த காற்றில் நிறுத்திவிடுவார்கள் என்பதால் அன்றன்று பார்த்துப் போவதே நல்லது. அதன் சரிவில் நேபாள ஷெர்பாக்கள் பதித்த 1,333 கற்படிகள் இருக்கின்றன. உல்ரிக்கனிலிருந்து ஃப்ளோயன்வரை மலைமுகட்டில் ஐந்தாறு மணி நேரம் நடக்கும் பாதை அழகானதுதான், ஆனால் இந்தப் பயணத்தில் அதை விட்டுவிடுங்கள்.

ஃபியோர்டு என்பது பனியாறு குடைந்த பள்ளத்தாக்கில் கடல்நீர் புகுந்து உருவான நீண்ட குடா. எல்லோரும் செய்யும் ஒரு நாள் சுற்று இப்படிப் போகிறது: பெர்கனிலிருந்து மிர்டாலுக்கு ரயில், அங்கிருந்து 20 கிலோமீட்டரில் 860 மீட்டருக்கும் மேல் இறங்கும் ஃப்ளோம் மலைரயில், ஃப்ளோமிலிருந்து நேரோய்ஃபியோர்டு வழியே இரண்டு மணி நேரப் படகு, குட்வாங்கனில் இறங்கி வோஸுக்குப் பேருந்து, மறுபடி ரயில். காலையில் கிளம்பினால் திரும்ப இரவாகிவிடும், மொத்தம் பதினொன்று பன்னிரண்டு மணி நேரம். காட்சிகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நேரோய்ஃபியோர்டு மிக ஒடுங்கும் இடத்தில் அகலம் 250 மீட்டர்தான், இருபுறமும் பாறை செங்குத்தாக எழுகிறது. ஆனால் நான்கு ஊர்தி மாறி அத்தனை நேரம் பயணம் செய்வது பெற்றோரை மறுநாள் படுக்கவைத்துவிடும்.

எனவேதான் ஓஸ்லோவில் இறங்கச் சொன்னேன். 1909-இல் திறக்கப்பட்ட ஓஸ்லோ–பெர்கன் ரயில்பாதை 1,222 மீட்டர் உயரத்திலுள்ள ஃபின்சே நிலையத்தைத் தாண்டி வருகிறது. ஜூன் மாதத்திலும் அங்கே ஜன்னலுக்கு வெளியே பனி கிடக்கும். முழுப் பயணம் ஏழு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வழியில் மிர்டாலில் இறங்கி ஃப்ளோம் ரயிலில் கீழே போய், அங்கே ஓரிரவு தங்கி, மறுநாள் படகும் பேருந்தும் ஏறி வோஸ் வழியாகப் பெர்கன் வந்து சேருங்கள். அதே சுற்று, இரண்டு நாளில், மூச்சு வாங்காமல் முடியும். இதை மொத்தச் சுற்றுலாத் தொகுப்பாகவும் வாங்கலாம், ஒவ்வொரு சீட்டையும் தனித்தனியாகவும் வாங்கலாம். ரயில் சீட்டை முன்கூட்டியே வாங்கினால் விலை கணிசமாகக் குறையும். கோடையில் சில வாரங்கள் தடப்பணி நடந்து ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவதும் உண்டு. உங்கள் தேதியில் அப்படி ஏதும் இல்லையென்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஓஸ்லோ வழி ஒத்துவராவிட்டால், பெர்கன் மீன்சந்தைக்கு அருகிலிருந்தே மோஸ்ட்ரௌமன் நீரிணைவரை போய்வரும் படகு இருக்கிறது. மூன்றரை மணி நேரத்துக்குள் திரும்பிவிடலாம், மாற்றி ஏற வேண்டியதில்லை. பெரியவர்களுக்கு இதுவே நிறைவாக இருக்கும்.

இசையில் ஈடுபாடு இருந்தால், இசையமைப்பாளர் எட்வர்ட் கிரீக் வாழ்ந்த ட்ரோல்ட்ஹௌகன் வீட்டுக்கு அரை நாள் ஒதுக்குங்கள். ஏரிக்கரையில் அவர் எழுத உட்கார்ந்த ஒற்றை அறைக் குடில், ஒரு மேசை, ஒரு பியானோ, ஜன்னலுக்கு வெளியே தண்ணீர். கோடையில் மதிய வேளையில் பியானோ கச்சேரியும் நடக்கும். டிராம் நிறுத்தத்திலிருந்து அரை மணி நேரம் நடக்க வேண்டும் என்பதைப் பெற்றோருக்காக நினைவில் வையுங்கள்.

சைவ உணவு கிடைக்காமல் போகாது, ஆனால் உணவகங்களை மட்டும் நம்பினால் செலவு தாங்காது. மூன்று பேர் ஒருவேளை எளிமையாகச் சாப்பிட்டாலே சென்னையில் ஒரு வாரக் காய்கறிச் செலவு ஆகிவிடும். ரேமா, கிவி, கூப் போன்ற மளிகைக் கடைகளில் அரிசி, தயிர், காய்கறி, ரொட்டி எல்லாம் கிடைக்கும். இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் பல வாழும் ஊர் என்பதால், ஆசிய மளிகைக் கடைகளில் பருப்பும் மசாலாவும் வாங்கலாம். நார்வே மக்களே வேலைக்கும் மலைக்கும் நம் கட்டுச்சோற்றைப் போல வீட்டிலிருந்து ரொட்டி கட்டிக்கொண்டு போகிறவர்கள். பூங்காவிலோ படகிலோ நீங்கள் எலுமிச்சைச் சோற்றைப் பிரித்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பழுப்புப் பாலாடைக்கட்டியை அம்மாவுக்கு ஒரு துண்டு கொடுத்துப் பாருங்கள். பால் திரிந்தபின் பிரியும் தெளிநீரைச் சுண்டக் காய்ச்சிச் செய்வது அது. இனிப்பும் இலேசான உப்புமாகத் திரட்டுப்பாலை நினைவூட்டும். மீன் உண்பவரானால் மீன்சந்தையின் திறந்தவெளிக் கடைகளில் விலை மிக அதிகம், ஒரு கோப்பை மீன் சூப்போடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஊரிலிருந்து பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் கொண்டுபோகலாம். இறைச்சிக்கும் பால் பொருட்களுக்கும் தடை உண்டு, ஆகவே நெய்யையும் பால்கோவாவையும் பெட்டியில் வைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகள் அடைத்திருக்கும், சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள். குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். புட்டித் தண்ணீர் தேவையில்லை. எங்கும் அட்டையில்தான் பணம் செலுத்துகிறார்கள், ரொக்கமாக மிகச் சிறிது குரோனர் இருந்தால் போதும். பெற்றோரின் மருந்துகளைக் கைப்பையில் மருத்துவர் சீட்டோடு வையுங்கள். ஆம்புலன்ஸுக்கு 113, உயிருக்கு ஆபத்தில்லாவிட்டாலும் காத்திருக்க முடியாத உடல்நலக்குறைவுக்கு 116117.

நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதியில் இருப்பதால் ஷெங்கன் விசா வேண்டும். குறைந்தது 30,000 யூரோ மதிப்பிலான மருத்துவப் பயணக் காப்பீடும் வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவு வழக்கமாக 15 நாளில் வரும், சில விண்ணப்பங்களுக்கு 45 நாள் வரை ஆகலாம். கோடைக்கு முன் விசா மையங்களில் நேரம் கிடைப்பதே அரிது என்பதால், மூவருக்கும் சேர்த்து மார்ச் மாதத்துக்குள் நேரம் வாங்கிவிடுங்கள். விசா கைக்கு வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் தங்குமிடத்தையே முன்பதிவு செய்து வையுங்கள்.